பளு ஏற்றும் வண்டிக்கு எந்தக் கிளட்ச்?



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் காவியமுமன்று, கலையுமன்று. ஓர் இரும்புத் தட்டு. டீசல் பிக்கப் வண்டியின் என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே, கண்ணுக்குப் புலப்படாமல் சுழன்றுகொண்டிருக்கும் கிளட்ச் என்னும் உறுப்பைப் பற்றியே பேசப் போகிறோம். இது வானொலியில் பேசத்தக்க விஷயந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். மாதத் தவணையில் ஒரு வண்டியை வாங்கி, அதன் வருவாயைக்கொண்டு வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்தி, மிஞ்சியதை ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் குடும்பத்தில் எவரும் அவ்வாறு எண்ணமாட்டார். கிளட்ச் எரிந்து வண்டி மூன்று நாள் பணிமனையில் நின்றால், அந்த மாதத்துக் கணக்கு முழுவதும் நிலைகுலைந்துவிடும். ஆகவே இது வயிற்றுப்பாட்டைப் பற்றிய பேச்சேயாகும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறிவிடுதல் வேண்டும். உரசி இணைப்பது என்னும் பொருள்பட ‘உரசிணைப்பி’ என்று இதற்குச் சொல்லாக்கம் செய்தவர்கள் உண்டு. அழகான சொல்தான். ஆயினும் ஓசூரிலும் சரி, ஹௌராவிலும் சரி, பணிமனையில் நின்று அச்சொல்லைக் கூறினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். எனவே கிளட்ச் என்றே வழங்குவோம்.

கொல்கத்தாவில் நம்மவர் ஒருவர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஷாலிமார் நிலையத்தில் இறக்கும் பார்சல்களை ஏற்றிக்கொண்டு, வித்யாசாகர் சேதுவைக் கடந்து, லேக் மார்க்கெட் பக்கம் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். ஒரு நாள் பாலத்தின் ஏற்றத்தில் என்ஜின் உறுமுகிறது. வண்டியோ நகர மறுக்கிறது. கருகிய வாடை வீசுகிறது. மிஸ்திரி வந்து பார்த்து, “புடே கேச்சே” என்கிறார். எரிந்துவிட்டது என்று பொருள். ஆச்சாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையை ஒட்டியுள்ள மல்லிக் பஜாருக்கு அவர் செல்கிறார். உதிரிப் பாகங்களுக்குப் பெயர் போன சந்தை அது. அங்கே அவருக்கு ஒரு யோசனை கூறப்படுகிறது: “பழையபடியே ஏன் போடுகிறீர்? கொஞ்சம் கூடக் கொடுத்து ஹெவி கிளட்சாகப் போட்டுவிடும். பிறகு கவலையே இல்லை.” இந்த யோசனையை ஏற்கலாமா என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு விடை காணக் கிளட்ச் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று அறிதல் வேண்டும். என்ஜினின் முனையில் கனத்த ஃப்ளைவீல் சுழல்கிறது. அதன்மேல் பிரஷர் பிளேட் என்னும் மூடித்தட்டு பொருத்தப்பட்டுள்ளது. இவ்விரண்டிற்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஒரு பலகையை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே இறுகப் பிடித்தாற்போல், ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்தப் பிளேட்டைப் பிடித்துக்கொள்கிறது. பெடலை மிதித்தால் பிடி விலகுகிறது. விட்டால் பிடி இறுகுகிறது. பிடி இறுகியபின் என்ஜினின் சுழற்சி வழுக்காமல் சக்கரத்தைச் சென்றடைதல் வேண்டும். அவ்வளவே அதன் கடமை.

அது எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பது நான்கு கூறுகளைப் பொறுத்தது. முதலாவது, உராய்வுப் பொருளின் பற்றும் தன்மை. இரண்டாவது, ஸ்பிரிங்கின் அழுத்தம். மூன்றாவது, பிளேட்டின் சராசரி ஆரம். நான்காவது, உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. இந்நான்கையும் பெருக்கினால் விடை கிடைக்கும். உதாரணமாக, உராய்வுக் குணகம் 0.3, அழுத்தம் 5,000 நியூட்டன், சராசரி ஆரம் 9.5 சென்டிமீட்டர், பக்கங்கள் இரண்டு என்று கொண்டால், தாங்கும் விசை 285 நியூட்டன் மீட்டர் ஆகும். இப்போது மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் 2,523 கன சென்டிமீட்டர் என்ஜின் தரும் உச்ச விசை ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். எனவே 285 என்பது தேவைக்கு மேல் நாற்பது விழுக்காடு மிகுதியாகும். தேய்மானத்திற்கும் சூட்டிற்கும் இடம் விட்டு, இத்தகைய ஒரு மிகுதியை வடிவமைப்போர் முன்னரே வைத்துவிடுகின்றனர்.

அதே பிளேட்டில் எண்ணெய் கசிந்து, பற்றும் தன்மை 0.3இலிருந்து பாதியாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தாங்கும் விசை 142 மட்டுமே. என்ஜின் தருவதோ 200. கிளட்ச் வழுக்காமல் என்ன செய்யும்? இங்கே குற்றம் கிளட்சினுடையதன்று. என்ஜினின் பின்புற ஆயில் சீலுடையது. அந்தச் சீலை மாற்றாமல் எத்தனை ஹெவி கிளட்ச் பூட்டினாலும், அதுவும் எண்ணெயில் ஊறி வழுக்கவே செய்யும். நோயின் காரணத்தை நாடிய பின்னரே மருந்தை நாட வேண்டும் என்பது நம் வைத்திய மரபன்றோ? இயந்திரத்திற்கும் அது பொருந்தும்.

இனிச் சூட்டின் கணக்கைப் பார்ப்போம். நின்ற வண்டி புறப்படும்போது என்ஜின் சுழன்றுகொண்டிருக்கிறது, சக்கரம் அசையாதிருக்கிறது. இரண்டும் ஒரே வேகத்திற்கு வரும்வரை கிளட்ச் உரசியே தீரும். என்ஜினை ஒரே வேகத்தில் வைத்துச் சமதரையில் புறப்பட்டால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாக மாறுகிறது என்பது இயற்பியல். பளுவோடு சேர்த்து 3 டன் எடையுள்ள வண்டி முதல் கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது, ஏறத்தாழ 11,600 ஜூல் வெப்பம் பிறக்கிறது. அது ஒரு கிலோ இரும்பை 26 டிகிரி அளவுக்குச் சூடாக்கவல்லது. அதே வண்டியைச் சோம்பலினால் இரண்டாவது கியரில் எடுத்து, மணிக்கு 17 கிலோமீட்டர் வரை கிளட்சை உரசவிட்டால், வெப்பம் 33,000 ஜூலையும் தாண்டிவிடும். அதாவது ஏறக்குறைய மும்மடங்கு. கியர் ஒன்றைத் தாண்டிய சிறு சோம்பலுக்கு இத்துணைப் பெரிய தண்டனை!

கொல்கத்தா சமவெளி நகரம். இங்கே ஏற்றம் ஏது என்று கேட்கலாம். இந்நகரின் பாலங்களும் மேம்பாலங்களுமே இதன் மலைகள். 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலமும், 1992 அக்டோபரில் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவும் ஹூக்ளி ஆற்றின் மேலே உயர்ந்து நிற்கின்றன. அவற்றை அணுகும் சரிவுகளில் நெரிசல் நேரத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக ஊர்கின்றன. பகற்பொழுதில் பல சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், எல்லோரும் ஒரே வேளையில் நுழைய முண்டுகின்றனர். அந்தச் சரிவில் கைப்பிரேக்கைப் போடாமல், ‘அரை கிளட்ச்’ பிடித்தே வண்டியைப் பின்னுருளாமல் நிறுத்திவைப்பது பலருக்குப் பழக்கம். 25 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் 3 டன் வண்டியை இவ்வாறு ஒரு நிமிடம் தாங்கினால் பிறக்கும் வெப்பம், சமதரையில் பத்துப் பன்னிரண்டு தடவை நின்று புறப்படும் வெப்பத்திற்குச் சமமாகும். வண்டியோ ஓர் அடிகூட முன்னேறியிருக்காது. கிளட்ச் மூடிய கூண்டுக்குள் இருப்பதால், அந்தச் சூடு எளிதில் வெளியேறுவதுமில்லை.

மழைக்காலத்தின் சேதி வேறு. 2025 செப்டம்பர் 22, 23ஆம் தேதிகளில் ஓர் இரவில் கொட்டிய பெருமழையில் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நீர் நின்ற தெருவில் வண்டி அணையாதிருக்க வேண்டுமென்று, ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்து என்ஜினை உறுமவிடுகிறார். கூண்டுக்குள் புகும் நீரும் சேறும் ரிலீஸ் பேரிங்கின் கிரீஸைக் கழுவிச் செல்லும். பின்னர் வண்டி சில நாட்கள் சும்மா நின்றால், பிளேட் துருவினால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பெடலை மிதித்தாலும் கியர் விழாது. இதுவும் கிளட்ச் ‘பலவீனமாக’ இருந்ததால் வந்த கோளாறன்று.

ஆகவே கடைக்குப் போகுமுன் நோயை அறிய வேண்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னே வெற்றிடம் இருக்குமாறு பார்த்து, கைப்பிரேக்கை இறுகப் போட்டு, உயர்ந்த கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். என்ஜின் உடனே அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் சுழன்றால் வழுக்கல் உறுதி. இச்சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யலாகாது. சோதனையே கிளட்சை எரித்துவிடும். வழுக்கல் உறுதியானால், பெடலில் இருக்கவேண்டிய சிறு தளர்வு இருக்கிறதா, கேபிள் இறுகிப்போயிருக்கிறதா, ஹைட்ராலிக் அமைப்பானால் சிலிண்டர் முழுதும் பின்வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது கரகரவென்று ஓசை வந்தால், அது பெரும்பாலும் பிடி விலகாத குறை. ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம். புறப்படும்போது வண்டி நடுங்கினால், எண்ணெய்க் கசிவையும் என்ஜின் தாங்கிகளையும் ஐயுற வேண்டும். இவற்றுள் எதற்கும் ஹெவி கிளட்ச் மருந்தாகாது.

கிளட்சைக் கழற்றிய பின் அந்தப் பழைய பிளேட்டே பல உண்மைகளைச் சொல்லும். ரிவெட் தெரியுமளவுக்குச் சீராகத் தேய்ந்திருந்தால் அது வயது முதிர்ந்து ஓய்ந்தது; அதே வகையை மீண்டும் பூட்டினால் போதும். எண்ணெய் பட்டுப் பளபளத்தால் சீலைப் பாருங்கள். உராய்வுப் பொருள் இன்னும் கனமாக இருந்தும் கருகி, ஃப்ளைவீலில் நீல நிறத் திட்டுகள் காணப்பட்டால், அது சூட்டினால் மாண்டது. ஓட்டும் முறையையோ ஏற்றும் பளுவையோதான் மாற்ற வேண்டும். கழற்றிய பிளேட்டைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிப் பார்ப்பது உரிமையாளரின் கடமை.

அப்படியானால் மேம்பட்ட கிளட்ச் என்பதே வேண்டாமா? வேண்டிய இடமும் உண்டு. அவ்வண்டிக்கே உரிய உச்ச பளுவுடன் நாள்தோறும் நெரிசலில் ஓட வேண்டிய தொழிலாக இருந்து, வேறு எந்தக் குறையும் இல்லாமல், நல்ல ஓட்டுநர் கையிலும் கிளட்ச் சீக்கிரம் தேய்கிறதென்றால், அப்போது மேம்பாடு நியாயமே. அதற்கான வகைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வகை, அதே என்ஜினை வைத்துக் கனமான வண்டிக்கென்று அதே கம்பெனி செய்த பெரிய விட்டமுள்ள செட். ஃப்ளைவீலின் துளைகளும் ஷாஃப்ட்டின் பற்களும் பொருந்துமானால் இதுவே சாலச் சிறந்தது. விட்டம் பெரிதானால் ஆரம் கூடுகிறது. பரப்புக் கூடுவதால் சூடு பரவ இடமும் கிடைக்கிறது. பெடல் அதிகம் கனப்பதில்லை. இரண்டாம் வகை, அதே அளவில் ஸ்பிரிங் அழுத்தம் மட்டும் கூடியது. பிடி கூடும், அதற்குரிய விலையை ஓட்டுநரின் இடக்கால் கொடுக்கும். ஒரு நடையில் நூறு தடவை பெடலை மிதிக்கும் காலுக்கு, பெடலின் கனம் சிறு விஷயமன்று. முழங்கால் வலி கண்ட ஓட்டுநர், பெடல்மேலேயே காலை ஊன்றி ஓய்வு தேடுவார்; அதனால் ரிலீஸ் பேரிங்கும் பிளேட்டும் தேயும். மிகுந்த அழுத்தம் கேபிளையும் ஃபோர்க்கையும் வருத்தும்.

மூன்றாம் வகை, செராமிக் பொத்தான்கள் பதித்த பிளேட். கடுஞ்சூட்டிலும் பற்றும் தன்மை குன்றாதது இது. பெரிய லாரிகளிலும் டிராக்டர்களிலும் பயன்படுகிறது. ஆனால் இதன் பிடி திடீரென்று விழும். மென்மையாக நகர்த்துதல் அரிது. அங்குலம் அங்குலமாக ஊரும் பராபஜார் சந்துகளில் வண்டி குதிக்கும். ஏற்றியுள்ள சரக்கும் குலுங்கும். ஃப்ளைவீலும் விரைவில் தேயும். நகரத்துச் சிறுவண்டிக்கு இது உகந்ததன்று. நான்காம் வகை, இரட்டைப் பிளேட். உராயும் பக்கங்கள் இரண்டிலிருந்து நான்காகின்றன, பிடி இருமடங்காகிறது. 200 நியூட்டன் மீட்டர் என்ஜினுக்கு அது, கொசுவை அடிக்க உலக்கையை எடுப்பது போன்றது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று. கிளட்ச் என்பது சங்கிலியின் மெலிந்த கண்ணியாகவே ஓரளவு இருக்க வேண்டியது. பளு மிஞ்சும்போது அது வழுக்கி எச்சரிக்கை செய்கிறது. அது வழுக்காத அளவுக்கு வலுவூட்டிவிட்டால், திடீர் அதிர்ச்சி முழுவதும் கியர்ப் பற்களுக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புகளுக்கும், பின் அச்சுக்கும் போய்ச் சேரும். கிளட்ச் செட்டின் விலையைவிடக் கியர்ப் பெட்டியின் விலை எத்தனை மடங்கு என்பதை வண்டி வைத்திருப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

டீசல் என்ஜினுக்கு மற்றுமொரு குணம் உண்டு. அதன் சுழற்சி சீரான ஓட்டமன்று. துடிப்புத் துடிப்பாக வருவது. நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள். மூன்று சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு மூன்றே. 2011 முதல் ஓசூரிலிருந்து வரும் அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர் என்ஜினோடு பிறந்த வண்டி. இத்துடிப்புகளை உள்வாங்கவே பிளேட்டின் நடுவில் சிறு ஸ்பிரிங்குகள் வைக்கப்பட்டுள்ளன. விலை குறைவு, உறுதி மிகுதி என்று சொல்லி ஸ்பிரிங் இல்லாத பிளேட்டை எவரேனும் காட்டினால், அதைத் தொடவே வேண்டாம். கியர்ப் பெட்டி இரைவதோடு நில்லாது; நாளடைவில் பற்களும் தேயும். இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீல் உள்ள வண்டிகளில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஃப்ளைவீலை வைப்பதும் இதே ஆபத்தை உடையது.

வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், தயாரித்த ஆண்டையும் சேஸிஸ் எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபோது பல வண்டிகளின் என்ஜினும் முறுக்கு விசையும் மாறின. ஒரே பெயருடைய இரு வண்டிகளுக்கு இருவேறு கிளட்ச் இருக்கக்கூடும். பழைய பிளேட்டையும் புதியதையும் அருகருகே வைத்து, விட்டம், கனம், நடுத்துளையின் பற்கள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். சென்னையிலும் ஓசூரிலும் கிளட்ச் செய்யும் பெரிய ஆலைகள் உள்ளன. அவற்றின் நல்ல சரக்கு கொல்கத்தாவிலும் கிடைக்கிறது. பெயர் பெற்ற சரக்கிற்குப் போலியும் உண்டு. ஆதலால் பெட்டியின் முத்திரையைச் சரிபார்த்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரு செட்டாகவே மாற்றுவது நலம். ஒன்றை மிச்சப்படுத்தினால் மீண்டும் கியர்ப் பெட்டியை இறக்கும் கூலி அதை விழுங்கிவிடும். ஃப்ளைவீலின் முகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வேறு வகைக் கிளட்ச் பூட்டுமுன் விற்பனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுதல் அவசியம். புதிய கிளட்சை முதல் 500 கிலோமீட்டர் வரை மென்மையாக நடத்துங்கள். உராய்வு முகங்கள் ஒன்றோடொன்று படிவதற்கு அந்த அவகாசம் தேவை.

இறுதியாக, நேயர்கள் சிலர் மனத்தில் இருந்தும் வாயால் சொல்லாத ஒன்று உண்டு. “ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றினால்தான் கட்டுப்படியாகிறது; அதற்காகத்தான் ஹெவி கிளட்ச் கேட்கிறோம்” என்பதே அது. அவர்களுடைய நெருக்கடி நமக்குப் புரிகிறது. வாடகை குறைந்து, டீசல் விலை ஏறி, தவணை தவறாமல் வரும்போது பளுவைக் கூட்டும் எண்ணம் இயல்பாகவே எழும். ஆனால் கிளட்சை மாற்றினால் பிரேக் மாறுவதில்லை. டயரும் பின்பட்டையும் மாறுவதில்லை. பளுவை இழுக்க முடிந்த வண்டி, அப்பளுவோடு நிற்கவும் முடிய வேண்டும் அன்றோ? பாலத்தின் இறக்கத்தில் முன்னே ஒரு பள்ளிப் பேருந்து நிற்குமானால், கிளட்சின் வலிமை அங்கே எதற்கு உதவும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மிகைப் பளுவுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. பல நடைகளில் கண்ட மிகை லாபத்தை ஒரே சோதனைச் சாவடி பறித்துக்கொள்ளும்.

எனவே, ஹெவி கிளட்ச் பூட்டலாமா என்னும் கேள்விக்கு நம் விடை இது. வண்டிக்கு விதித்த பளுவுக்குள் தொழில் நடக்குமானால், பெரும்பாலோர்க்கு உரிய கம்பெனியின் உரிய கிளட்சே போதும். அதைவிட மேம்பட்டது தேவையென்றால் விட்டத்தில் பெரியதைத் தேடுங்கள், அழுத்தத்தில் கடியதைத் தேடாதீர்கள். பளுவை மிஞ்சி ஏற்றத்தான் கிளட்ச் வேண்டுமென்றால், பெரிய வண்டிக்கு மாறுவதே வழி. முதல் கியரில் புறப்படுவதற்கும், சரிவில் கைப்பிரேக்கைப் பிடிப்பதற்கும், பெடலின்மேல் காலை வைக்காமல் கீழே வைப்பதற்கும் காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மல்லிக் பஜாரின் எந்தக் கடையிலும் கிடைக்காத மேம்பாடுகள் அவை. இன்றிரவு சரக்கேற்றக் காத்திருக்கும் வண்டியிலேயே அவற்றைத் தொடங்கலாம்.